பைபிள் எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்கு எதை வைத்துச் சொல்வது? எல்லைப்புறச் சபைகளுக்கு நாலு வழிகள்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கவலைதான். பத்து வயது வரை பிள்ளைகள் கதை கேட்பார்கள், கைதட்டிப் பாடுவார்கள், மனப்பாட வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். பன்னிரண்டு, பதிமூன்று ஆனதும் கேள்வி மாறிவிடும். இதை யார் எழுதினது? நடுவில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு என்ன உறுதி? இவ்வளவு பழைய புத்தகம் எனக்கு எதுக்கு? முன்பெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு வந்த கேள்விகள், இப்போது போன் வழியாக எட்டாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. "நிசேயா சங்கத்தில் ராஜா உட்கார்ந்து, எந்தப் புத்தகம் வேணும், எது வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்களாமே சார்?" என்று, பழைய காலத்துச் சபைத் தலைவர்கள் கூடிய அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேட்கிற பிள்ளையிடம், யோசேப்பின் பலவருண அங்கிக்குக் கலர் அடி என்று பாடப்புத்தகத்தை நீட்ட முடியாது.

முடிவெடுக்க வேண்டியது சபைக் கமிட்டியும் ஆசிரியர்களும். நம் பகுதியில் நடப்பவை, எட்டிப் பிடிக்கக்கூடியவை என்று பார்த்தால் நாலு வழிகள் தேறுகின்றன. இருக்கிற பாடத்திட்டத்தையே தொடர்வது ஒன்று. 'ஆதாரங்கள்' என்று வீடியோவும் கையேடுமாக வருகிற தயார்ப் பாடம் இன்னொன்று. கையில் இருக்கிற தமிழ் வேதாகமத்தில் தொடங்கி, அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போவது மூன்றாவது. இறையியல் கல்லூரியில் படிப்பிக்கிற ஆராய்ச்சி முறை நாலாவது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப்போகத் தெரிந்துவிடும், மறைக்கவும் போவதில்லை.

நாலையும் எடைபோடும் முன்னால் இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நாலு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. சபைகள் இரண்டு பக்கமும் ஒரே லண்டன் மிஷன் வேரில் வந்தவை. இந்தக் கேரளப் பக்கத்துப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், கோவிலில் கீர்த்தனை பாடும், பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ படிக்கும். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கும். ஒரே பெஞ்சில் பாட்டியிடம் தமிழ் வேதாகமம், அப்பாவிடம் மலையாள சத்தியவேதபுஸ்தகம், பிள்ளையிடம் போனில் ஆங்கிலம். வெளியூர்ப் பாடத்திட்டம் எதுவும் இந்தப் பெஞ்சை மனதில் வைத்து எழுதப்படவில்லை.

இருக்கிறதையே தொடர்வது

இந்த வழியை எளிதாகக் கழித்துவிடக் கூடாது. செலவில்லை, ஆசிரியர்களுக்குப் பழக்கம், வருடக் கடைசியில் பரீட்சையும் பரிசும் உண்டு. அதைவிட முக்கியம், கதைகள் தெரியாமல் மற்ற எதுவும் நடக்காது. ஆபிரகாமுக்குப் பிறகா தாவீது, தாவீதுக்குப் பிறகா பாபிலோன் சிறையிருப்பு என்று வரிசை தெரியாத பிள்ளைக்கு ஏசாயா சுருளின் காலத்தைச் சொல்லி என்ன பயன்? பன்னிரண்டு வயது வரை இதுவே போதும் என்பதுதான் என் கருத்து.

அதற்கு மேல் இழுத்தால்தான் வம்பு. கேள்வி கேட்ட பிள்ளைக்கு "விசுவாசிக்கணும், ஆராயக் கூடாது" என்று பதில் வரும். பிள்ளை அதோடு கேட்பதை நிறுத்திக்கொள்ளும், அப்புறம் வருவதையும் நிறுத்திக்கொள்ளும். பிள்ளைகளை முழு அங்கத்தினராகச் சேர்க்கிற திடப்படுத்தல் ஆராதனைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு காலியாக இருக்கிறது என்று புலம்பாத சபை எது?

ஆதாரப் பாடம்

இப்போது அதிகம் விலைபோவது இதுதான். தமிழில் குரல் கொடுத்த வீடியோ, அச்சடித்த கையேடு, ஒவ்வொரு வாரத்துக்கும் கேள்வி பதில். ஆசிரியர் ஒன்றும் தயாரிக்க வேண்டாம், பொத்தானை அமுக்கினால் போதும். பிள்ளைகளும் விரும்பிப் பார்க்கிறார்கள், ஏனென்றால் அதில் காட்டுகிறவை உண்மையிலேயே ருசியானவை. வட இஸ்ரவேலில் தேல் தாண் என்ற இடத்தில் 1993இல் கிடைத்த கல்வெட்டில் 'தாவீதின் வம்சம்' என்று இருக்கிறது, கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டுக் கல். செசரியாவில் 1961இல் கிடைத்த கல்லில் பொந்தியு பிலாத்துவின் பெயர். எசேக்கியா ராஜா வெட்டிய நீர்ச்சுரங்கத்தின் சுவரில், இரண்டு பக்கமிருந்தும் தோண்டிவந்தவர்கள் நடுவே சந்தித்த கதையைச் சொல்லும் எபிரெயக் கல்வெட்டு 1880இல் கண்ணில் பட்டது. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், திபேரியு ராயன் காலத்தில் பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை கொடுத்ததைப் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போகிறார்.

இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டும். எனக்குச் சிக்கல், இவற்றை வைத்துக் கட்டுகிற வாதத்தில் இருக்கிறது. பிலாத்து என்று ஒரு தேசாதிபதி இருந்தான் என்பதைக் கல் காட்டும். மூன்றாம் நாள் கல்லறை காலியாக இருந்தது என்பதை எந்தக் கல்லும் காட்டாது. வீடியோவோ முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதும் நிரூபணமானது போல் இசையைக் கூட்டும். கூர்மையான பிள்ளை அந்த இடத்தில் ஏமாற்றப்பட்டதாக உணரும், சொல்லாவிட்டாலும் உணரும்.

அடுத்தது, இந்த வகைப் பாடம் சாதகமானதை மட்டும் அடுக்கும். லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் இயேசு பிறந்தபோது சீரியா நாட்டிலே சிரேனியு தேசாதிபதியாயிருந்தான் என்று வருகிறது. மத்தேயுவோ ஏரோது ராஜா காலம் என்கிறார். ஏரோது இறந்தது கி.மு. 4இல் என்பதே பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் கணக்கு. சிரேனியு எடுத்த குடிமதிப்பு, யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியபடி கி.பி. 6இல். நடுவே பத்து வருட இடைவெளி. இதற்கு விளக்கம் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு, எல்லாரும் ஏற்கிற விளக்கம் இல்லை. கையேட்டில் இது கிடையாது, போனில் இருக்கிறது. "சார், இதை மட்டும் ஏன் சொல்லலை?" என்று பிள்ளை வந்து நின்றால், அதுவரை காட்டின அத்தனை கல்லும் சேர்ந்து மதிப்பிழந்துவிடும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. நம் பிள்ளைகளின் பக்கத்துப் பெஞ்சில் பூவாறிலிருந்து வருகிற முஸ்லிம் கூட்டுக்காரன் இருக்கிறான், கோவில் திருவிழாவுக்கு வாங்க என்று கூப்பிடுகிற இந்துத் தோழி இருக்கிறாள். "உங்க வேதத்தை மாத்திட்டாங்களாமே" என்று அவன் கேட்பது பெரும்பாலும் சண்டைக்கு அல்ல, அவன் கேள்விப்பட்டதைக் கேட்கிறான். ஆதாரப் பாடம் இதற்குப் பட்டிமன்றப் பதில் தயாரித்துக் கொடுக்கிறது. எதிராளியை மடக்குவது எப்படி என்று படித்த பிள்ளை, திங்கட்கிழமை வகுப்பில் அதைச் செய்து பார்க்கும். நமக்கு அது வேண்டுமா?

கையில் இருக்கிற புத்தகத்திலிருந்து பின்னோக்கி

இந்த வழியில் மோசேயிலிருந்து தொடங்கி முன்னால் வருவதில்லை. பாட்டியின் வேதாகமத்தை மேசைமேல் வைத்து, இது எங்கே அச்சானது, அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போவது. தயார்ப் புத்தகம் எதுவும் இல்லை, ஆசிரியர்தான் வாசித்துத் தயாரிக்க வேண்டும். இதன் பெரிய குறை அதுதான், அதைக் கடைசியில் பேசுவோம்.

சீர்திருத்தச் சபை வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பு. அதற்கு முன்னால் ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் ஐயர் சென்னையில் பல ஆண்டுகள் செதுக்கியது. அதற்கும் முன்னால் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், குழந்தைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகி, 1714இல் சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும், அடுத்த வருடம் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சில் ஏற்றினார். ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் தாள் போதவில்லை. சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்து, பொறையாறில் காகிதம் செய்யவும் முயன்றார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719இல் அவர் இறந்துபோனார், வயது 36. அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே மீதியை முடிக்க, 1728இல் அச்சுவேலை நிறைவடைந்தது. ஒரு மனிதன் தாளுக்கும் மைக்கும் அலைந்த கதை என்பதால் பிள்ளைகள் இதை நன்றாகக் கேட்பார்கள். அதே தரங்கம்பாடியில் தமிழ் படித்துவிட்டு 1806இல் மயிலாடிக்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபேயைச் சொன்னால் நம் ஊர்ச் சபையோடு கதை சேர்ந்துவிடும்.

கேரளப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல இன்னொன்று உண்டு. இந்திய எழுத்தில் அச்சாகி இன்றைக்கும் கிடைக்கிற புத்தகங்களில் மிகப் பழையது, 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறு பக்கம், ஞானோபதேசம், மொழி தமிழ். கொல்லம் ரயிலில் போய்வருகிற தூரம்தான். தமிழ் இங்கே வந்தேறி மொழி என்று வகுப்பில் கேலி கேட்ட பிள்ளைக்கு இது ஒரு தெம்பு.

அச்சுக்கு முன்னால் கையெழுத்துக் காலம். இங்கேதான் நம்பகத்தன்மைப் பாடம் தானாக வந்து விழுகிறது. ஒரு பயிற்சி சொல்கிறேன், எந்தச் சபையும் செய்து பார்க்கலாம். ஆதியாகமம் முதல் அதிகாரம் 9 முதல் 13 வரை உள்ள வசனங்களை ஒரு பிள்ளை பார்த்து எழுத வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து அடுத்த பிள்ளை, அதைப் பார்த்து அடுத்த பிள்ளை. இப்படி மூன்று வரிசை. நேரம் குறைவாகக் கொடுக்க வேண்டும். மலையாள மீடியம் பிள்ளைகள் ரகரம் றகரத்தை மாற்றிப் போடுவார்கள், அது சின்ன விஷயம். 'தேவன் அது நல்லது என்று கண்டார்' என்பது பத்தாம் வசனக் கடைசியிலும் பன்னிரண்டாம் வசனக் கடைசியிலும் வருகிறது. யாராவது ஒரு பிள்ளையின் கண் முதலாவதிலிருந்து நேராக இரண்டாவதற்குத் தாவி, புல்லும் பூண்டும் விருட்சமும் அடியோடு காணாமல் போய்விடும். அந்த வரிசையில் பின்னால் வருகிற எல்லாத் தாளிலும் பூமி மொட்டையாகத்தான் இருக்கும். பழைய காலத்து எழுத்தர்களும் இதே பிழையைத்தான் செய்தார்கள், அவர்கள் படிகளில் அச்சு அசலாக இதைக் காணலாம்.

அப்புறம் வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு, தாள்களை மட்டும் வைத்து மூல வாசகத்தைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஏறக்குறைய முழுவதையும் கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் மூன்று வரிசையும் ஒரே இடத்தில் தப்பு விடாது. புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கக் கையெழுத்துப் படிகள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் இருக்கின்றன, அவற்றுக்குள் வேறுபாடுகளும் ஏராளம், அந்தப் படிகள் பலவாக இருப்பதால்தான் வேறுபாடுகளைச் சரிபார்க்க முடிகிறது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. மான்செஸ்டரில் இருக்கிற உள்ளங்கை அளவு பாப்பிரஸ் துண்டு யோவான் 18ஆம் அதிகாரத்தின் சில வரிகள், பெரும்பாலோர் கணிப்பில் இரண்டாம் நூற்றாண்டு. சீனாய் மலை மடத்தில் கிடைத்த பெரிய கையெழுத்துப் புத்தகம் நாலாம் நூற்றாண்டு. பழைய ஏற்பாட்டுக்குச் சவக்கடல் பக்கத்துக் கும்ரான் குகைகள்: 1947 வாக்கில் ஆடு மேய்க்கிறவர்கள் கண்டெடுத்த ஏசாயா சுருள் 7.34 மீட்டர் நீளம், அதுவரை கையில் இருந்த எபிரெயப் படிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருடம் மூத்தது. இரண்டையும் ஒப்பிட்டால் எழுத்துக்கூட்டலிலும் சில வாக்கியங்களிலும் வேறுபாடு உண்டு, புத்தகம் அதே புத்தகம்தான்.

இனி அந்தப் பெஞ்சுக்கு வருவோம். 1 யோவான் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தைப் பாட்டியின் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்று வரும், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி. அப்பாவின் மலையாளத்தில் அதே இடத்தைப் பார்த்தால் அந்த மூவர் இல்லை; ஆவி, ஜலம், இரத்தம் மட்டும்தான். 1995இல் வந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலும் அப்படியே. எது சரி? பழைய கிரேக்கப் படிகளில் அந்த வாக்கியம் கிடையாது. லத்தீன் மரபில் புகுந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அது இல்லை, எதிர்ப்பு வந்த பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். அந்த வழியில் வந்த கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்ததால் நம் பழைய தமிழில் இருக்கிறது. திரித்துவக் கோட்பாடு இந்த ஒரு வசனத்தில் தொங்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் போய்ப் பிள்ளை வேறு மாதிரி சொல்லும்.

இதேபோல விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை. பழைய தமிழில் எந்த அடையாளமும் இல்லாமல் ஓடும், திருவிவிலியத்தில் அடைப்புக்குறியோடு வரும். மிகப் பழைய கிரேக்கப் படிகளில் யோவானில் அந்தப் பகுதி இல்லை. மாற்கு 16ஆம் அதிகாரமும் மிகப் பழைய இரண்டு பெரிய படிகளில் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. மறைக்கிறார்கள் என்று இணையம் சொல்கிற சங்கதி, கோவில் அலமாரியில் இருக்கிற புத்தகத்தில் அச்சிலேயே இருக்கிறது. பிள்ளைகள் முகத்தில் அந்த நேரம் வருகிற ஆச்சரியத்துக்காகவே இந்த வழியை எனக்குப் பிடிக்கும்.

எந்தப் புத்தகங்கள் சேர்ந்தன என்ற கேள்விக்கும் இங்கே வெளியூர் உதாரணம் தேவையில்லை. பொழியூர் கடற்கரையில் லத்தீன் கத்தோலிக்க வீட்டில் பெண் எடுத்திருப்போம். அவர்கள் வேதாகமத்தில் 73 புத்தகங்கள், நம்முடையதில் 66. தோபித்தும் மக்கபேயரும் கிரேக்க யூத மரபில் வாசிக்கப்பட்டவை. லூத்தர் 1534இல் அவற்றை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் தனியாக வைத்தார், கத்தோலிக்கச் சபை 1546இல் திரெந்து சங்கத்தில் அவற்றை உறுதி செய்தது. வடக்கே போனால் சுறியானிச் சபைகள். அவர்களுடைய பழைய சுறியானி மொழிபெயர்ப்பில் தொடக்கத்தில் வெளிப்படுத்தின விசேஷமும் யூதாவும் இன்னும் மூன்று நிருபங்களும் இல்லை, புதிய ஏற்பாடு 22 புத்தகம்தான். இன்றைய 27ஐயும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிற பழைய பட்டியல் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் கி.பி. 367இல் எழுதிய கடிதத்தில் வருகிறது. 325இல் கூடிய நிசேயா சங்கம் வகுத்த 20 விதிகளில் வேதாகமப் பட்டியலே கிடையாது. ஓட்டுப் போட்ட கதைக்குப் பதில் சொல்ல இது போதும். பட்டியல் ஒரே நாளில் உருவாகவில்லை, சபைகள் எதை வாசித்துவந்தன என்பதிலிருந்து மெல்ல மெல்லத் திரண்டது.

ஆராய்ச்சி முறை

திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் கேரள ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது, நாகர்கோவிலில் லூத்தரன் சபையின் கன்கார்டியா இருக்கிறது. அங்கே படித்த போதகர்கள் எல்லாருக்கும் இந்தப் பாடம் தெரியும். ஐந்தாகமங்கள், அதாவது வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்கள், பல அடுக்குகளாகச் சேர்ந்தவை, ஏசாயா புத்தகத்தின் பிற்பகுதி சிறையிருப்புக் காலத்துக் குரல், மாற்கு முதலில் எழுதப்பட்டு மத்தேயுவும் லூக்காவும் அதைப் பயன்படுத்தினார்கள், பவுலின் நிருபங்கள் சுவிசேஷங்களுக்கும் முந்தியவை. தெரிந்தும் பிரசங்க பீடத்தில் பலர் சொல்வதில்லை, ஏன் என்று கேட்டால் சபை தாங்காது என்பார்கள்.

பதினைந்து வயதுக்கு இது கனம் என்பது சரிதான். கல்லூரிக்குப் போகிற வாலிபர்களுக்கு இதை மறைப்பதுதான் ஆபத்து. அவர்கள் எப்படியும் கேள்விப்படுவார்கள், சபைக்கு வெளியே கேள்விப்பட்டால் ரகசியம் அம்பலமான தோரணையில் கேள்விப்படுவார்கள். வாலிபர் சங்கத்தில் மாதம் ஒரு மாலை, நேரே மாற்கையும் மத்தேயுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துத் தொடங்கினால் போதும். மூன்றாவது வழியில் படித்து வந்த பிள்ளைக்கு இது அதிர்ச்சியாக இருக்காது. நேராக இதில் வந்து விழுகிறவர்களுக்குத்தான் தலை சுற்றும்.

எனக்கு எதுக்கு என்கிற கேள்வி

பல பாடத்திட்டங்கள் இதைக் கடைசி அத்தியாயமாக வைக்கும்: பரீட்சைப் பயம், கெட்ட சிநேகிதம், மொபைல் அடிமைத்தனம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். வசனம் தப்பில்லை, மாத்திரைச் சீட்டு போல நீட்டுவதுதான் தப்பு.

நம் மண்ணில் இந்தப் புத்தகம் என்ன செய்தது என்று காட்டுவது எனக்குச் சரியாகப் படுகிறது. நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளைக் கூட்டி எழுத்தும் சரிகைப் பின்னலும் சொல்லிக்கொடுத்தது, தோள்சீலை என்ற மேல்துணி போட்டதற்காக அடி வாங்கிய பெண்கள், பல ஆண்டு கலவரத்துக்குப் பிறகு அவர்கள் மார்பை மறைக்க அனுமதித்து 1859 ஜூலையில் வந்த திருவிதாங்கூர் அறிவிப்பு. எல்லாரும் தேவசாயலில் படைக்கப்பட்டவர்கள் என்று வாசித்தவர்கள் அதை உடம்பில் போட்டுக் காட்டினார்கள். கூடவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற எபேசியர் நிருப வசனத்தை அமெரிக்காவில் அடிமை வைத்திருந்தவர்கள் தங்களுக்குச் சாட்சியாக இழுத்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்குப் பிறகும் சபைக்குள்ளேயே சாதி பார்த்துப் பெஞ்சு பிரித்த கதை பெரியவர்களுக்குத் தெரியும். ஒரே புத்தகத்தை இரண்டு விதமாக வாசித்தவர்கள் இருந்தார்கள், நீ எப்படி வாசிக்கப் போகிறாய் என்று பிள்ளையிடம் கேட்கலாம். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்கவும் வேண்டும், நம் ஆசிரியர்களுக்கு அதுதான் கஷ்டம்.

மொழியும் ஆளும் நேரமும்

தமிழிலா மலையாளத்திலா என்ற தகராறு கமிட்டியில் கட்டாயம் வரும். வாய்ப்பேச்சு தமிழில், வாசிப்பு அவரவர் கையில் இருக்கிற மொழியில் என்று வைத்துக்கொண்டால் ஒப்பிடுவதற்கும் வசதி, சண்டையும் குறையும். 1780இல் குளாஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி, ஆலைவேலைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத்தான் தொடங்கியது. தமிழ் வாசிப்பு தேய்ந்துபோகிற நம் பக்கத்தில் பத்து நிமிடத்தை அதற்கு ஒதுக்கினால் யாரும் குறை சொல்ல முடியாது.

நேரத்தைப் பொறுத்தவரை, திடப்படுத்தல் வகுப்புதான் பொருத்தமான இடம். பிள்ளைகள் கட்டாயம் வருவார்கள், பெற்றோரும் அனுப்புவார்கள். வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியில் வைக்கலாமே என்பார்கள். அங்கே பாட்டும் விளையாட்டும் ஓடட்டும், கையெழுத்துப் பிரதி எழுதும் பயிற்சியை மட்டும் பெரிய பிள்ளைகள் குழுவுக்கு இரவல் கொடுக்கலாம்.

என் தேர்வு இது: பன்னிரண்டு வரை பழைய பாடம், திடப்படுத்தல் வகுப்பில் பின்னோக்கிப் போகிற வரலாறு, அதன் கடைசி இரண்டு வாரத்தில் ஆதாரப் பாடத்தின் கல்வெட்டுப் படங்கள் மட்டும் (வாதம் இல்லாமல், சிரேனியு சிக்கலையும் சேர்த்து), வாலிபர் சங்கத்தில் போதகர் எடுக்கிற ஆராய்ச்சிப் பாடம். தயாரிக்க ஆள் இல்லாத சின்னச் சபைக்கு இது கனவு மாதிரித் தெரியும். அங்கே தயார் வீடியோவே ஓடட்டும், ஆனால் ஒவ்வொரு வீடியோவுக்குப் பிறகும் கால்மணி நேரம் கேள்விக்கு விட வேண்டும், தெரியாத கேள்வியை எழுதிவைத்து அடுத்த வாரம் போதகரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இரண்டு மூன்று சபைகள் சேர்ந்து ஒரு ஆசிரியரைத் தயார் செய்வதும் நடக்கிற காரியம்தான். வெள்ளறடைப் பக்கம் எந்தச் சபைக்கும் அடுத்த சபை நடந்துபோகிற தூரம்.

வாங்க வேண்டிய சாமான் குறைவு. இரண்டு திருவிவிலியம், ஒரு மலையாள வேதாகமம், கோடு போடாத தாள், ஏசாயா சுருளின் நீளத்துக்கு ஒட்டிய காகிதம் ஒன்று. ஏழே கால் மீட்டரைக் கோவில் தரையில் விரித்துப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு அளவு புரியும். கமிட்டியில் ஒரு மூப்பர் எழுந்து, "அடைப்புக்குறியெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டணுமா ஐயா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை ஆசிரியர் தலையில் கட்டாமல், அந்த ஒரு வார வகுப்பைப் போதகரே எடுக்கும்படி முதல் கூட்டத்திலேயே முடிவு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மூப்பரையும் அன்றைக்கு வகுப்புக்குக் கூப்பிடலாம், பிரதி எழுதுகிற வரிசையில் அவருக்கும் ஒரு தாள் கொடுக்கலாம்.